வீட்டுக்கு அருகிலேயே ஒரு கோடைக்காலச் சந்திப்பு: காதலர்களும் தம்பதிகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இருவர் மட்டும், நடந்தோ சிறிது தூரம் வண்டியிலோ சென்றடையக்கூடிய திறந்தவெளி ஒன்றில் கோடைப்பொழுதைச் சேர்ந்து கழிக்க நினைக்கும்போது எழுகிற கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. அண்மையில் பழகத் தொடங்கியவர்களுக்கும் பல ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்பவர்களுக்கும் இக்கேள்விகள் பெரும்பாலும் பொதுவானவை. விடை மாறுபடும் இடங்களில் அது தனியே குறிப்பிடப்பட்டிருக்கிறது.

தினமும் பார்க்கும் இடத்தில் புதிதாக என்ன இருக்கப் போகிறது?

தினமும் பார்க்கும் இடத்தையும் நாம் பெரும்பாலும் ஒரே நேரத்தில்தான் பார்க்கிறோம். வேலைக்கு ஓடும்போது குறுக்குவழியாகக் கடக்கும் பூங்காவையும், வாகன இரைச்சலோடு மட்டுமே அறிந்த ஏரிக்கரையையும், துணி உலர்த்துவதற்காக மட்டும் ஏறும் மொட்டைமாடியையும் விடியலின் முதல் வெளிச்சத்திலோ, வெயில் தாழ்ந்து விளக்குகள் இன்னும் ஏற்றப்படாத இடைப்பொழுதிலோ நின்று பார்த்தவர்கள் குறைவு. ஆகவே, புது இடம் தேடி வரைபடத்தைத் துழாவுவதைவிட, அறிந்த இடத்துக்கு அறியாத நேரத்தில் செல்வதையே இக்குறிப்புகள் பரிந்துரைக்கின்றன. தமிழ் அகப்பாடல் மரபும் நிலத்தை மட்டும் முதற்பொருளாகக் கொள்ளவில்லை. நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்றது.

அருகில் இருப்பதில் வேறொரு நன்மையும் உண்டு. தொலைதூரப் பயணத்தில், இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், மகிழ்ந்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடி சொல்லாமலே உடன் வந்து உட்கார்ந்துகொள்ளும். பத்து நிமிட நடையில் இருக்கும் இடத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மழை வந்தால் திரும்பிவிடலாம், மனம் ஒட்டவில்லை என்றால் அரை மணி நேரத்தில் எழுந்துவிடலாம், பிடித்திருந்தால் அடுத்த வாரமே மறுபடியும் போகலாம்.

கோடையில் எந்த நேரம் ஏற்றது?

திட்டங்கள் பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கேதான். உச்சிவேளை கழிந்தால் வெப்பம் தணிந்துவிடும் என்று கருதிப் பலர் மாலை நான்கு மணிக்கே கிளம்பிவிடுகிறார்கள். சூரியன் உச்சியில் நிற்கும் நேரமும் காற்று மிகச் சூடாக இருக்கும் நேரமும் ஒன்றல்ல. புற ஊதாக் கதிர்களின் வீச்சு உச்சிவேளையை ஒட்டியே மிகுந்திருக்கும். ஆனால் தரை தான் வாங்கிய வெப்பத்தைக் காற்றுக்குத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருப்பதால், காற்றின் வெப்பநிலை பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்கும் 5 மணிக்கும் இடையில்தான் உச்சத்தைத் தொடுகிறது. அந்த நேரத்தில் எந்த மரத்தடியும் இருவரையும் எரிச்சலுக்கு உள்ளாக்கும். அந்த எரிச்சல் ஒருவர்மேல் ஒருவர் திரும்புவதற்கு அதிக நேரம் பிடிக்காது.

சூரியன் மறைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு சென்று சேர்ந்து, மறைந்த பிறகு ஒரு மணி நேரம் வரை இருப்பது நல்ல கணக்கு. சூரியன் தாழ்ந்திருக்கும்போது அதன் ஒளி வளிமண்டலத்தில் நீண்ட தூரம் கடந்து வருவதால் நீலம் சிதறிப்போய், மஞ்சளும் செம்மையும் மிகுந்த வெளிச்சமே நம்மை வந்தடைகிறது. அது மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் விழுவதால், நண்பகலில் கண்குழியிலும் மூக்கின் கீழும் விழுகிற கடுமையான நிழல்கள் அப்போது இருப்பதில்லை. எதிரே இருப்பவர் அழகாகத் தெரிவதற்கு இயற்கையே செய்து தரும் ஏற்பாடு அது.

சூரியன் மறைய எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைக் கையாலேயே கணிக்கலாம். கையை நீட்டி, உள்ளங்கை உங்களை நோக்கி இருக்குமாறு மணிக்கட்டை மடக்கி, அடிவானத்துக்கும் சூரியனின் கீழ்விளிம்புக்கும் இடையில் எத்தனை விரல்கள் அடங்குகின்றன என்று பாருங்கள். சூரியனையே உற்றுப் பார்க்காதீர்கள். ஒரு விரலுக்குக் கால் மணி நேரம் என்பது வழக்கமான கணக்கு. நிலநடுக்கோட்டுக்கு அருகே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால், அங்கே ஒரு விரலுக்குப் பத்து நிமிடம்கூட இராது. மறைந்த பின் நிலைக்கும் அந்தி வெளிச்சத்துக்கும் இதே விதிதான். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் அது 20 நிமிடங்களைச் சற்றே தாண்டும். 50 பாகை அட்சரேகையை ஒட்டிய ஊர்களில் கோடையின் உச்சத்தில் 40 நிமிடங்களுக்கும் மேல் நீடிக்கும்.

விடியற்காலையில் சந்திக்கலாமா?

தாராளமாகச் சந்திக்கலாம், இதற்கு உரிய மதிப்பு கிடைப்பதில்லை என்பது என் எண்ணம். இரவு முழுவதும் தரை குளிர்ந்துகொண்டே வருவதால், ஒரு நாளின் மிகக் குறைந்த வெப்பநிலை சூரியன் உதிக்கும் நேரத்தை ஒட்டியே அமைகிறது. கூட்டம் இல்லை, பறவைகளின் குரல் உச்சத்தில் இருக்கும், பகல் முழுவதும் மிச்சம் இருக்கிறது. ஒரே நிபந்தனை, இருவரும் அதிகாலையில் எழுவதை உண்மையாகவே விரும்புபவர்களாக இருக்க வேண்டும். ஒருவருடைய உற்சாகத்துக்காக மற்றவர் தூக்கத்தைத் தியாகம் செய்து வந்து நின்றால் பேச்சு கொட்டாவியோடுதான் நடக்கும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில், தனியாக ஒரு முறை போய்ப் பாருங்கள். அதுவும் சந்திப்புக்குத் திட்டமிட்டிருக்கும் அதே நேரத்தில் போங்கள். ஞாயிறு காலையில் அமைதியாக இருக்கும் புல்வெளியில் மாலையானால் பந்து பறந்துகொண்டிருக்கலாம். ஆளரவமற்ற ஆற்றங்கரையில் இருட்டிய பிறகு ஒரு விளக்குகூட இல்லாமல் இருக்கலாம். வாயில்கள் எத்தனை மணிக்கு மூடப்படுகின்றன, கழிப்பறை எங்கே இருக்கிறது, அது அந்நேரத்தில் திறந்திருக்குமா என்பவற்றையும் அப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறையைப் பற்றி எழுதுவது இந்தத் தலைப்புக்குப் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆனால் சந்திப்புகள் பாதியில் முடிவதற்கு அதுவே மிகப் பொதுவான, யாரும் வெளியே சொல்லாத காரணம்.

அடுத்தது நிழல். மரத்தின் நிழல் ஓரிடத்தில் நிற்பதில்லை; பிற்பகலில் சூரியன் மேற்கே இறங்க இறங்க, நிழல் கிழக்குப் பக்கமாக நகர்ந்து நீள்கிறது. மரத்தடியில், தண்டை ஒட்டி விரிப்பை விரித்தவர்களின் முகத்தில் கால் மணி நேரத்தில் சாய்வெயில் கிளைகளுக்குக் கீழாகப் புகுந்து விழும். நிழலின் கிழக்கு ஓரத்துக்கு அருகில் விரித்தவர்களுக்கோ நேரம் ஆக ஆக நிழல் கூடிக்கொண்டே போகும். மேற்கே கட்டடமோ மேடோ அடர்ந்த மரவரிசையோ இருந்தால் இந்தக் கவலையே இல்லை, ஆனால் சூரியன் மறைவதைப் பார்க்க முடியாது. இரண்டில் எது வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

உட்காரும் பரப்பையும் கையால் தொட்டுப் பாருங்கள். பகல் முழுவதும் வெயிலில் கிடந்த சிமென்ட் பெஞ்சும் கருங்கல் படிக்கட்டும் சூரியன் மறைந்த பின்னும் நெடுநேரம் கொதிப்பை விடுவதில்லை. மரப்பலகை விரைவில் ஆறிவிடும், புல்தரை அதைவிட விரைவில். தார்ச்சாலைக்கு அருகே இருக்கும் இருக்கைக்கும் அதே பூங்காவின் நடுவில் உள்ள இருக்கைக்கும் இடையில் உள்ள வேறுபாட்டைத் தோலே சொல்லிவிடும்.

நீர்நிலை அருகே இருந்தால் நல்லது, ஆனால் தேங்கிய நீராக இருக்கக் கூடாது. கடலோரத்திலும் பெரிய ஏரியோரத்திலும் பகலில் நீர்ப்பக்கமிருந்து தரையை நோக்கி வீசும் காற்று மாலையில் தணிந்து, இரவில் எதிர்த்திசையில் திரும்பும். இடையில் காற்றே அசையாத சிறு இடைவெளி ஒன்று வரும். புழுக்கம் மிகுதியாகத் தெரிவதும் கொசு மொய்ப்பதும் அப்போதுதான். நடப்பதற்கென்று ஒரு நேரம் ஒதுக்குவதானால் அதை அந்த இடைவெளியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்த மொட்டைமாடியும் பால்கனியும் கணக்கில் சேருமா?

சேரும். அங்கே உள்ள சிக்கல் தளம் சூடாக இருப்பதுதான். வெயில் இறங்கிய பின் தளத்தில் தண்ணீர் தெளித்து, அது முழுவதும் உலரும்வரை விட்டுவிட்டு மேலே செல்லுங்கள். நீர் ஆவியாகும்போது தளத்தின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். காற்றில் ஈரப்பதம் மிகுந்த பகுதிகளில் இதன் பலன் குறைவு. கொடியில் கிடக்கும் துணிகளையும் மூலையில் குவிந்த பழைய சாமான்களையும் அப்புறப்படுத்துவது அலங்கார விளக்குகளைவிட அதிகப் பலன் தரும். ஏனெனில் செய்யாமல் கிடக்கும் வீட்டு வேலை கண்ணில் படும் இடத்தில் பேச்சும் வீட்டு வேலையைப் பற்றியே திரும்பும்.

அங்கே போய் என்னதான் செய்வது?

எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதில் இன்பம் காண்பவர்கள் இக்கேள்வியைக் கேட்பதில்லை. கேட்பவர்களுக்கு, முகம் பார்த்து எதிரெதிரே உட்காருவதைவிடப் பக்கத்தில் பக்கத்தில் நடப்பதையே முதலில் சொல்வேன். நடக்கும்போது மௌனம் உறுத்துவதில்லை, கண்ணில் படுவதெல்லாம் பேச்சுக்குப் பொருளாகிறது, சொல்லக் கடினமான ஒன்றைக் கண்ணைப் பார்க்காமலே சொல்லிவிடவும் முடிகிறது. நன்றாகப் பழகாதவர்கள் முதல் அரை மணி நேரத்தை நடையில் கழித்துவிட்டு உட்கார்ந்தால் பேச்சு தானாக வரும்.

நீண்ட காலம் சேர்ந்து வாழ்பவர்களுக்கு வேண்டியது வேறு. அவர்களுக்குப் பேச்சு வராமல் இல்லை. பேச்சு மாறாமல் இருப்பதே குறை. உளவியலாளர் ஆர்தர் ஆரோனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இங்கே பயன்படும். அதில் சில தம்பதிகளின் மணிக்கட்டையும் கணுக்காலையும் ஒருவரோடொருவர் பிணைத்து, உருளை வடிவத் தலையணை ஒன்றைக் கையோ பல்லோ படாமல் இருவருக்கும் இடையில் தாங்கியபடி, மெத்தை விரித்த தரையைத் தவழ்ந்து கடக்கச் சொன்னார்கள். வேறு சிலருக்கு மெதுவாகப் பந்து உருட்டும் சலிப்பான வேலை தரப்பட்டது. ஏழு நிமிடங்களே நீடித்த அந்தப் புதுமையான வேலையைச் செய்தவர்கள், பந்து உருட்டியவர்களைவிட, தங்கள் உறவைப் பற்றி அதற்குப் பின் கூடுதல் நிறைவு தெரிவித்தார்கள். யாரும் பூங்காவில் தவழ வேண்டியதில்லை. இருவருக்கும் சரியாக வராத ஒன்றைச் சேர்ந்து முயல்வதே இதில் முக்கியம். ஒருவர் மற்றவரைப் பென்சிலால் வரைந்து பார்ப்பது, துடுப்புப் படகு வாடகைக்குக் கிடைக்கும் இடமானால் ஆளுக்கொரு துடுப்பைப் பிடிப்பது, பட்டம் விடுவது, பறவைகளைக் குரலால் அடையாளம் காண முயல்வது போன்றவை போதும். ஒருவர் கைதேர்ந்தவராக இருக்கும் விளையாட்டை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். சிறிது நேரத்தில் அது பயிற்சி வகுப்பாக மாறிவிடும்.

உணவு கொண்டு செல்வதில் எதைக் கவனிக்க வேண்டும்?

வெளியில் வைத்த சமைத்த உணவையும், பால் கலந்தவற்றையும், நறுக்கிய பழங்களையும் இரண்டு மணி நேரத்துக்குள் உண்டுவிட வேண்டும். காற்றின் வெப்பநிலை 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்குள். அதற்கு மேல் வைத்திருக்க விரும்பினால் பனிக்கட்டிப் பெட்டி தேவை. தண்ணீர்ப் புட்டிகளை முந்தின நாளே உறையவைத்து உணவோடு அடுக்கினால், அவை குளிரையும் தரும், உருகிய பின் குடிக்கவும் உதவும். நீர் உறையும்போது விரிவதால் புட்டியை விளிம்புவரை நிரப்பக் கூடாது.

கையால் எடுத்து இரண்டு வாயில் உண்ணக்கூடியவையே திறந்தவெளிக்கு ஏற்றவை. குழம்பு வழிவதும், தட்டு மடியில் சாய்வதும், வெட்டுவதற்குக் கத்தி இல்லாமல் தவிப்பதும் தனித்தனியே சின்ன விஷயங்கள்தாம். மூன்றும் ஒரே மாலையில் நடந்தால் சின்ன விஷயமல்ல. ஈரத்துணி ஒன்றையும் குப்பைக்கான பை ஒன்றையும் மறந்துவிடாதீர்கள்.

வெயிலின் கடுமையை எப்படி மதிப்பிடுவது?

வெப்பநிலையை மட்டும் பார்த்தால் போதாது. ஈரப்பதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியுமே தவிர உலராது. நிழலில் 32 டிகிரி வெப்பநிலையும் 70 விழுக்காடு ஈரப்பதமும் சேர்ந்தால் உடல் உணர்வது ஏறத்தாழ 41 டிகிரி. நேர் வெயிலில் அது இன்னும் 8 டிகிரி வரை கூடலாம். வானிலைச் செயலிகள் இந்த உணரும் வெப்பநிலையைத் தனியே காட்டுகின்றன. முடிவெடுக்க வேண்டியது அந்த எண்ணைப் பார்த்துத்தான்.

புற ஊதாக் குறியீடு 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் தோலுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கையில் செயலி இல்லை என்றால் உங்கள் நிழலைப் பாருங்கள்: நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும்வரை கதிர்கள் கடுமையானவை. சன்ஸ்கிரீன் பூசுவதானால் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாததை, வெளியே கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பே பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மீண்டும் பூச வேண்டும்.

தலைசுற்றல், குமட்டல், மிகுந்த வியர்வை, சோர்வு ஆகியவை வெப்பத்தால் உடல் களைத்துப்போனதன் அறிகுறிகள். நிழலுக்குப் போய், உடையைத் தளர்த்தி, தண்ணீர் கொடுத்து, ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். பேச்சு குழறினாலோ, குழப்பமாக நடந்துகொண்டாலோ, மயங்கினாலோ, உடல் நெருப்பாகக் கொதித்தாலோ அது உயிருக்கு ஆபத்தான வெப்பவாதம். உடனே அவசர உதவியை அழைத்துவிட்டு, அது வரும்வரை உடலைத் தண்ணீரால் குளிர்வித்துக்கொண்டே இருங்கள். அந்நிலையில் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

கொசுக்கடியிலிருந்து தப்ப என்ன வழி?

நாம் வெளிவிடும் கரியமில வாயுவையும் உடலின் வெப்பத்தையும் மணத்தையும் வைத்தே கொசு நம்மைத் தேடி வருகிறது. அது வலுவாகப் பறக்கத் தெரியாத பூச்சி என்பதால், காற்று வீசும் மேடான இடமே பாதி பாதுகாப்பு; மொட்டைமாடியில் ஒரு மேசை மின்விசிறி அந்த வேலையைச் செய்யும். டீட் அல்லது பிகாரிடின் கலந்த பூச்சுகள் நன்கு பலன் தருகின்றன. சன்ஸ்கிரீனை முதலில் பூசி, அது உலர்ந்த பின் கொசு விரட்டியைப் பூசுவதே சரியான வரிசை. வெளிர்நிறத்தில் கை கால்களை மூடும் தளர்வான பருத்தி உடை கொசுவுக்கும் வெப்பத்துக்கும் சேர்த்தே உதவும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில், அதிலும் காலையிலும் மாலை மங்கும் முன்பும் அதிகம் கடிப்பது என்பதால், இருட்டும்வரை பூச்சைத் தள்ளிப்போட வேண்டாம்.

திடீரென இடியும் மழையும் வந்தால்?

மழை பரவாயில்லை, இடிதான் ஆபத்து. மின்னலைப் பார்த்தது முதல் இடியைக் கேட்கும்வரை நொடிகளை எண்ணுங்கள். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய மூன்று நொடிகள் ஆகும். எண்ணிக்கை 30-ஐத் தொடாவிட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கட்டடத்துக்குள்ளோ, உலோகக் கூரையுள்ள காருக்குள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டோ இருக்க வேண்டும். தனி மரத்தடியும், நீர்நிலையும், திறந்த குடிலும் கூடாது. கடைசி இடி கேட்டதிலிருந்து 30 நிமிடங்கள் கழிந்த பிறகே வெளியே வர வேண்டும். வீடு அருகில் இருப்பதன் அருமை அப்போது தெரியும்.

இருட்டிய பிறகு வானத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

நகரத்துக்குள்ளேயே பார்க்கக்கூடியவை பல இருக்கின்றன. நிலாவிலிருந்து தொடங்குங்கள். முழுநிலா ஏறத்தாழ சூரியன் மறையும் நேரத்தில் கிழக்கே எழும். அடுத்தடுத்த நாட்களில் சராசரியாக 50 நிமிடங்கள் தாமதித்து எழும். ஆகவே பௌர்ணமி நாளில் மேற்கே சூரியன் இறங்குவதையும் கிழக்கே நிலா ஏறுவதையும் ஒரே இருக்கையிலிருந்து பார்த்துவிடலாம். அடிவானத்தில் நிலா மிகப் பெரிதாகத் தோன்றும்போது கையை நீட்டிச் சுண்டுவிரல் நகத்தால் அதை மறைத்துப் பாருங்கள். பிறகு உச்சிக்கு ஏறியதும் மீண்டும் மறைத்துப் பாருங்கள். இரண்டு முறையும் அது நகத்துக்குள் அடங்கிவிடும். பெருத்ததும் சிறுத்ததும் நம் மூளையின் வேலை. மிதவெப்ப நாடுகளில் கோடைக்கால முழுநிலா வானத்தில் தாழ்வாகவே பயணிப்பதால் செம்மஞ்சள் நிறம் நெடுநேரம் நீங்காது.

நட்சத்திரங்களைப் பார்க்க வேண்டுமானால் நிலா இல்லாத இரவே நல்லது. வடகோளத்தின் கோடை இரவுகளில் வேகா, டெனிப், ஆல்டேர் ஆகிய மூன்று ஒளிமிக்க விண்மீன்கள் பெரிய முக்கோணமாகத் தெரியும். இவற்றில் ஆல்டேர் நம் பஞ்சாங்கங்களின் திருவோணம். தெற்கே தாழ்வாகச் செந்நிறத்தில் மினுங்குவது கேட்டை. வேகாவின் ஒளி 25 ஆண்டுகளுக்கு முன்பும் திருவோணத்தின் ஒளி ஏறத்தாழ 17 ஆண்டுகளுக்கு முன்பும் அங்கிருந்து கிளம்பியவை; அந்த ஆண்டுகளில் நீங்கள் இருவரும் எங்கே, என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளலாம். தென்கோளத்தில் கோடை டிசம்பரில் தொடங்குவதால், அங்கே ஓரியன் கூட்டமும் அதன் செந்நிறத் திருவாதிரையுமே கோடை வானத்துக்கு உரியவை. எரிகற்களைப் பார்க்க வடகோளத்தினர் ஆகஸ்ட் 12, 13 தேதிகளை ஒட்டிய பெர்சியட் பொழிவையும், தென்கோளத்தினர் டிசம்பர் 13, 14 தேதிகளை ஒட்டிய ஜெமினிட் பொழிவையும் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

கண் இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். இடையில் ஒரு முறை கைபேசித் திரையைப் பார்த்தால் அவ்வளவும் வீண். மங்கலான சிவப்பு ஒளி அந்தப் பழக்கத்தைக் குறைவாகவே கெடுக்கும் என்பதால், டார்ச் விளக்கின் முகப்பில் சிவப்புத் தாளைக் கட்டிக்கொள்வது வான்நோக்கர்களின் வழக்கம்.

கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாமா?

வேண்டாம், இருட்டில், திறந்தவெளியில் அது பாதுகாப்புக் கருவியும்கூட. ஒலியை அடக்கிப் பைக்குள் வைத்தால் போதும். படம் எடுப்பதானால் தொடக்கத்திலேயே, நல்ல வெளிச்சம் இருக்கும்போதே எடுத்து முடித்துவிடுங்கள். படத்தைப் பகிர்வதற்கு மறுநாள் இருக்கிறது.

இது முதல் சந்திப்பாக இருந்தால்?

மேலே சொன்னவற்றில் சில மாறும். ஆள் நடமாட்டம் உள்ள இடத்தை, வெளிச்சம் இருக்கும் நேரத்தில் தேர்ந்தெடுங்கள். நட்சத்திரங்கள் அடுத்த முறைக்கு இருக்கட்டும். இருவரும் தனித்தனியே வந்து தனித்தனியே திரும்புவது நல்லது. எங்கே, யாரோடு, எத்தனை மணிவரை என்பதை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். உங்கள் வீட்டுக்கு மிக அருகில் இருக்கும் இடத்தை முதல் சந்திப்புக்குத் தவிர்த்தால், வீடு எங்கே என்பதை அன்றே வெளிப்படுத்த வேண்டிய நிலை வராது. ஒரு மணி நேரம் மட்டுமே என்று முதலிலேயே சொல்லி வைப்பது இருவருக்கும் நிம்மதி. பிடித்திருந்தால் நேரத்தை நீட்டித்துக்கொள்ள யார் தடுக்கப் போகிறார்கள்?

சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது நடக்கிற காரியமா?

நடக்கும், ஆனால் மாலையைப் பிடித்துக்கொண்டு நின்றால் நடக்காது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் கிடைக்கும் நேரம் எதுவோ அதற்கேற்ப இடத்தைத் தேர்ந்தெடுங்கள். யாருமே கிடைக்காத நாட்களில், அவர்கள் உறங்கிய பின் பால்கனியில் இரண்டு நாற்காலிகள் போதும். வீட்டுக் கணக்கையும் பள்ளியையும் பற்றிப் பேசக் கூடாது என்று ஒப்பந்தம் செய்துகொள்பவர்கள் உண்டு. முழுத் தடையைவிட, முதல் பத்து நிமிடங்களில் அவற்றையெல்லாம் பேசித் தீர்த்துவிடுவதே எளிதாகக் கடைப்பிடிக்கக்கூடியது.

எல்லாவற்றையும் ரகசியமாக ஏற்பாடு செய்து வியப்பில் ஆழ்த்தலாமா?

இடத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள். நேரத்தையும் உடையையும் ரகசியமாக்காதீர்கள். எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், தரையில் உட்கார வேண்டியிருக்குமா, எத்தனை மணிக்குத் திரும்பலாம் என்பவை தெரிந்தால்தான் அவர் அதற்கேற்ற செருப்போடும் மனநிலையோடும் வர முடியும். மகரந்த ஒவ்வாமை, பூச்சிக்கடி ஒவ்வாமை, முழங்கால் வலி போன்றவை இருக்கின்றனவா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். வாசனைத் திரவியத்தைக் குறைத்துக்கொள்வது இருவருக்கும் நல்லது; பூமணம் தேனீக்களையும் அழைத்து வரும்.

மெழுகுவத்தி ஏற்றலாமா?

கோடையில் காய்ந்த புல்லும் சருகும் கிடக்கும் இடத்தில் கூடாது; பல பொதுவிடங்களில் தீ மூட்டுவதற்கே தடை உண்டு. மின்கலத்தில் எரியும் சிறு விளக்குகள் அதே வேலையைச் செய்யும், காற்றில் அணையவும் அணையாது. சொந்த மாடியில், கண்ணாடிக் குவளைக்குள், அருகில் ஒரு வாளித் தண்ணீரோடு ஏற்றுவதில் குறையில்லை.

எப்போது கிளம்ப வேண்டும்?

இருட்டும்வரை இருப்பதாகத் திட்டமிட்டிருந்தாலும், உணவுப் பாத்திரங்களையும் சிறு பொருட்களையும் அந்தி வெளிச்சம் இருக்கும்போதே பைக்குள் எடுத்து வைத்துவிட்டு, விரிப்பை மட்டும் விட்டு வையுங்கள். சாவியோ காதணியோ புல்லில் விழுந்துவிட்டால், டார்ச்சை மேலிருந்து அடித்துத் தேடாதீர்கள். விளக்கைத் தரையோடு தரையாக வைத்துப் பக்கவாட்டில் ஒளியைச் செலுத்தினால், சிறிய பொருளும் நீண்ட நிழலை வீசித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். புல்வெளியிலிருந்து வீடு திரும்பியதும் முழங்காலின் பின்புறம், இடுப்பு, கழுத்தின் பின்பகுதி ஆகிய இடங்களில் உண்ணி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மேலே இழுத்து எடுத்துவிட்டு, கடிவாயைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும்.